நவூரு சோதனையில் இரண்டாமிடம்

நவூருவுக்குத் தலைநகர் கிடையாது. தேவையான எத்தனையோ விஷயங்களை மறந்துபோன எனக்கு இது மட்டும் மறக்காது. அந்த ஒரு கேள்வியில்தான் நான் முதலாமிடத்தைக் கோட்டை விட்டேன். தலைநகர் யாரென் என்று எழுதியிருந்தேன். யாரென் அரசாங்கக் கந்தோர்கள் இருக்கிற பகுதி மட்டும்தான், சட்டப்படி தலைநகர் என்று ஒன்று அந்த நாட்டுக்கு இல்லை என்று சிவப்புப் பேனையால் எழுதி, விடையைக் குறுக்கே வெட்டி வைத்திருந்தார் ரியூசன் அண்ணை. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. ரொறன்ரோவில் மாடிக் கட்டடம் ஒன்றின் பேஸ்மென்ற் அறையில் குந்தியிருந்து, பசிபிக் சமுத்திரத்தில் கிடக்கிற ஒரு குட்டி நாட்டைப் பற்றிச் சோதனை எழுதியிருந்தேன்.

ஏன் எழுதினாய் என்று கேட்டால், என் தம்பிக்காக.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த காலம். தம்பி புதுக்குடியிருப்பில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவன். சண்டை நெருங்க நெருங்கச் சனத்தோடு சனமாகக் கிழக்கே தள்ளப்பட்டு, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில் போய் நின்றான். மாசி மாதம் யாரோ ஒருவருடைய சற்றலைற் போனில் ஒருதரம் கதைத்தான். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, கிடைத்த கொஞ்ச நேரத்தில், "அக்கா, உங்கை இன்னும் ஸ்னோ கொட்டுதோ?" என்று கேட்டான். ஷெல் விழுகிற இடத்தில் நின்றுகொண்டு ஸ்னோவைக் கேட்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்பாடு பட்டாவது வெளியே வா என்று கத்தினேன். பார்ப்போம் என்றான். அதற்குப் பிறகு போன் இல்லை.

அந்த வசந்தகாலத்தில் ரொறன்ரோத் தமிழரில் சும்மா இருந்தவர்கள் குறைவு. என் மனுசன் வேலை முடிந்ததும் நேரே டவுன்ரவுனுக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றுவிட்டு வருவார். பிள்ளைகள் ஒருநாள் பெருந்தெருவிலேயே போய்க் குந்தினார்கள். நானும் போய்க் கத்தினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பெரிய நாடுகள் எல்லாவற்றுக்கும் மனு போனது. எல்லாரும் மிகுந்த கவலையோடு கவனித்துக்கொண்டிருப்பதாக மறுமொழி வந்தது. கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான்.

அந்த நேரத்தில்தான் ரியூசன் அண்ணை நவூருவைக் கண்டுபிடித்தார்.

அவர் ஊரில் புவியியல் வாத்தியார். பார்க்டேலில் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார். மற்றத் தமிழர் எல்லாம் ஸ்காபரோவிலும் அதற்கு அப்பாலும் வீடு வாங்கிப் போய்விட்ட பிறகும் பார்க்டேலில் தங்கிப்போன சிலரில் அவரும் நாங்களும் அடக்கம். தன் அப்பார்ட்மென்ற் ஹோலிலேயே கரும்பலகை கொழுவி வருசக்கணக்காக ரியூசன் நடத்தியவர். ஒருநாள் லிஃப்டில் என்னைக் கண்டதும் கதவை மூடவிடாமல் காலை வைத்துக்கொண்டு விளக்கம் தொடங்கிவிட்டார். ஐ.நா. பொதுச்சபையில் சீனாவுக்கும் ஒரு வோட்டு, நவூருவுக்கும் ஒரு வோட்டு. நவூரு எழும்பி நின்று எங்கள் சனத்துக்காக ஒரு வசனம் சொன்னால் உலகம் முழுக்க அதைப் பதிவு செய்தே தீரவேண்டும். பெரிய நாடுகளுக்கு ஆயிரம் சோலி, சின்ன நாட்டுக்கு ஆறுதலாகக் கேட்க நேரமிருக்கும் என்றார். கதவு அவருடைய காலில் மோதி மோதித் திறந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தக் கிழமையில் நான் கேட்ட கதைகளில் அர்த்தமுள்ளது அது ஒன்றுதான் போலிருந்தது. எந்த நிலைமையில் இருந்தேன் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

நவூருவோடு கதைக்கவென்று சேர்ந்த எங்கள் குழுவில் நாலு பேர். ரியூசன் அண்ணையும் நானும் போக, மற்றவர்கள் இருவர். ஒருவர் பிக்கரிங்காரர். வந்த புதிதில் ரியூசன் அண்ணையோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர், பிறகு கணக்காளராகிப் பிக்கரிங்கில் பெரிய வீடு வாங்கியவர். சனிக்கிழமையும் ரை கட்டிக்கொண்டு ரெயினில் வருவார். மற்றவர் நெடுந்தீவுக்காரர். மிசிசாகாவில் இருந்துகொண்டு எயர்போர்ட்டில் லிமோசின் ஓடினார். என்னுடைய ஃபக்டரியும் அந்தப் பக்கம்தான், அதனால் சில நாள் ஷிப்ட் முடிய என்னை ஏற்றிக்கொண்டு வருவார்.

நவூருவின் பரப்பளவு இருபத்தொரு சதுரக் கிலோமீற்றர் என்று ரியூசன் அண்ணை முதல் கூட்டத்தில் சொன்னதும் நெடுந்தீவுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. நெடுந்தீவில் பாதிகூட இல்லையே, அதுக்கு ஒரு வோட்டா என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. நெடுந்தீவுக்கு ஏன் ஐ.நா.வில் ஆசனம் இல்லை என்பதைப் பற்றி அன்று நெடுநேரம் கதைத்தோம். யாரோ ஒருவர் அதைத் தீர்மானமாக எழுதிக்கொள்வோம் என்று சொல்ல, நான் மேசையில் அடித்தபிறகுதான் நவூருவுக்குத் திரும்பினார்கள்.

எங்கள் ஆட்களுக்கு எந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தாலும் முதலில் வருகிற கேள்வி, அங்கே எங்கள் ஆட்கள் யார் இருக்கிறார்கள் என்பது. நவூருவையும் அப்படித்தான் கேட்டோம். கேட்டு வாய் மூடுவதற்குள் ஆள் அகப்பட்டுவிட்டது. நெடுந்தீவுக்காரரின் மச்சான் முறையான ஒருவர் கப்பலில் அவுஸ்திரேலியாவுக்குப் போகவெளிக்கிட்டுப் பிடிபட்டவர். அவரையும் இன்னும் எங்கள் பொடியள் கொஞ்சப் பேரையும் அவுஸ்திரேலியா நவூருவில்தான் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தது. பிறகு வெளியே விட்டுவிட, அந்த மச்சான் அப்போது மெல்பேணில் இருந்தார். நவூருவில் இருந்த நாட்களில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் மோட்டார் சைக்கிளைத் திருத்திக் கொடுத்து அவளோடு பழக்கமாம். இரண்டு நாளில் அவளுடைய கந்தோர் இலக்கம் வந்து சேர்ந்தது. எங்கள் ஆட்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கே போனை எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கவில்லை. யார் கதைப்பது என்பதில் பிரச்சினை வந்தது. தன்னுடைய ஆங்கிலம்தான் அரசாங்கங்களோடு கதைக்கத் தோதானது என்றார் பிக்கரிங்காரர். இலக்கம் தன் மச்சானுடையது, ஆகவே தன்னுடையது என்றார் நெடுந்தீவுக்காரர். அங்கே நிற்பது என் தம்பி என்றேன் நான். மூன்று பேரும் விட்டுக்கொடுக்காமல் நிற்க, ரியூசன் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆர் கதைக்கிறது எண்டதைச் சோதினை வைச்சுப் பாப்பம்," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களிடம் எதைச் சொல்லியும் வாதாடலாம். சோதனை வைப்போம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அந்த நாட்டு அரசாங்கத்தோடு கதைப்பது மரியாதை இல்லை என்று அவர் சொன்ன காரணமும் நியாயமாகத்தான் பட்டது. புவியியல், ஆட்சி, வரலாறு என்று மூன்று பகுதி. ஆட்களுக்கு மூன்று கிழமை அவகாசம். எனக்கும் அது நியாயமாகப் பட்டது என்பதை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடவேண்டும் போலிருக்கும்.

படித்தோம். பொஸ்பேற், பவளப்பாறை, பதினான்கு மாவட்டம். தீவின் நடுவைத் தோண்டித் தோண்டி விற்றுவிட்டார்கள், சனம் ஓரத்தில் மட்டும் குடியிருக்கிறது. ஒருகாலத்தில் ஆளுக்காள் உலகப் பணக்காரர், பிறகு எல்லாம் கரைந்துபோனது. பாராளுமன்றத்தில் பதினெட்டுப் பேர். அவர்களே தங்களுக்குள் ஒருவரை ஜனாதிபதியாக்குவார்கள், அவர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்குவார்கள். கொஞ்சக் காலத்துக்கு முன்பு வரை இது அடிக்கடி நடந்ததால் ரியூசன் அண்ணைக்கு ஒரே பயம். ஜனாதிபதியின் பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வைத்துப் படிக்கச் சொன்னார். பிக்கரிங்காரர் ரெயினில் படித்தார். நெடுந்தீவுக்காரர் நோட்ஸைத் தன் குரலிலேயே பதிந்து லிமோசினில் போட்டுவிட, பின்சீற்றில் இருக்கிற வெள்ளைக்காரர்கள் இது என்ன மந்திரம் என்று கேட்டார்களாம். நான் கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் கைதுடைக்கிற கடதாசியில் சுற்றி வைத்தபடி ஜேர்மனி, பிரிட்டன், ஜப்பான், அவுஸ்திரேலியா என்று நவூருவை ஆண்டவர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பிலிப்பீனோப் பெண் நான் செபம் பண்ணுகிறேன் என்று நினைத்து, தானும் எனக்காகச் சிலுவை போட்டாள்.

தமிழ் ரீவியில் தினமும் வரைபடம் போடுவார்கள். எங்கள் சிலபஸ் கூடிக்கொண்டு போக, அங்கே அந்த மணல் துண்டு சின்னதாகிக்கொண்டு வந்தது.

சோதனை ஒரு சனிக்கிழமை, கட்டடத்தின் பார்ட்டி ரூமில். பக்கத்து அறையில் உடுப்புத் தோய்க்கிற மெசின்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு மேசை, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில். போன்களை நிறுத்தி முன்னால் கொண்டுவந்து வைக்கச் சொன்னார் ரியூசன் அண்ணை. நான் தரமாட்டேன் என்றேன். தம்பி எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் உண்மையிலேயே யோசித்தார். பிறகு, என் மேசையில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம், தம்பி எடுத்தால் வெளியே போய்க் கதைக்கலாம், ஆனால் திரும்பி வந்து எழுத முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். நான் சம்மதித்தேன். எழுதுகிற நேரம் முழுக்க ஒரு கண் அந்தப் போனில் இருந்தது. அது அடித்துவிட வேண்டும், நான் இந்தச் சோதனையைப் பாதியில் விட்டுப் பெயிலாகிவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். அடிக்கவில்லை. வினாத்தாள் முழுவதையும் எழுதி முடித்தேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர் நவூரு மக்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒரு கேள்வி. தூரத்தில் ட்ரக் என்ற இன்னொரு தீவுக்கு. அவர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள் என்று அதன் கீழே இன்னொன்று. அந்தத் திகதியையே பிறகு சுதந்திர நாளாகவும் வைத்துக்கொண்டார்கள், ஆகவே பாடமாக்க லேசு. எல்லாரும் சரியாக எழுதினோம். சர்வதேசத் திகதிக்கோடு எங்கே போகிறது, அதைத் தாண்டினால் நாள் எப்படி மாறும் என்ற கேள்விக்கும் எல்லாருக்கும் முழு மார்க்ஸ்.

பிக்கரிங்காரர் முதலாவது. நான், தலைநகரால், இரண்டாவது. நெடுந்தீவுக்காரர் பெயில். நவூருவை வேறொரு தீவோடு ஒப்பிடுக என்ற கட்டுரையில் அவர் நெடுந்தீவின் குதிரைகளைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார்.

நான் விடவில்லை. மறுபடி திருத்தும்படி விண்ணப்பித்தேன். மூன்று புத்தகத்தில் யாரென் தலைநகர் என்று போட்டிருக்கிறது என்று லைப்ரரியிலிருந்து போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். ரியூசன் அண்ணை ஒரு கிழமை எடுத்துப் பரிசீலித்தார். புத்தகம் பிழை என்றார். அந்தக் கிழமை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. லிஃப்டில் கண்டால் படியால் ஏறினேன். என் கோபம் முழுக்க அந்த ஒரு மார்க்கில் இருந்தது. அது அங்கே இருந்திராவிட்டால் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அதை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக, மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, ரியூசன் அண்ணையின் ஹோலில் கூடிப் போன் எடுத்தோம். அங்கே அப்போது காலை பத்து மணி, கந்தோர் திறந்திருக்கும் என்று ரியூசன் அண்ணை கணக்குப் போட்டிருந்தார். வெளிநாட்டுக்குக் கதைக்கிற கோலிங் காட்டைச் சுரண்டி இலக்கங்களை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, பிக்கரிங்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தோம். கடைசியில் நெடுந்தீவுக்காரர் மெல்பேணுக்கு எடுத்து மச்சானைக் கேட்டார். அவர் நித்திரை முறித்த குரலில் பதில் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணை, அங்கை இண்டைக்குச் சனிக்கிழமை. ஆர் கந்தோருக்கு வருவினம்?"

பிக்கரிங்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ரியூசன் அண்ணை சுவரில் ஒட்டியிருந்த உலக வரைபடத்துக்குக் கிட்டப்போய் நின்று, தான் சிவப்பு மையால் கீறிய திகதிக்கோட்டைப் பார்த்தார். நான் விசர் பிடித்தவள் மாதிரிச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியதும் மூன்று ஆண்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசையில் இருந்த போனைப் பார்த்தார்கள்.

ஞாயிறு பின்னேரம் வரை காத்திருந்தோம். அங்கே திங்கள் காலை. அந்த இரண்டு நாளும் வன்னியிலிருந்து வந்த செய்தியை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீண்ட வாரஇறுதி, திங்கட்கிழமை விடுமுறை. தெரு முழுக்க இறைச்சி வாட்டுகிற மணம்.

இந்தமுறை இரண்டாவது மணியிலேயே அந்தப் பெண் போனை எடுத்தாள். ஆறுதலான குரல், கொஞ்சம் அவுஸ்திரேலியா வாடை அடிக்கிற ஆங்கிலம். மெல்பேண் மச்சானின் பெயரைச் சொன்னதும், மோட்டார் சைக்கிள் இப்போதும் ஓடுகிறது என்று சந்தோசமாகச் சொன்னாள். பிக்கரிங்காரர் தொடங்கினார். மதிப்புக்குரிய நவூருக் குடியரசு என்று ஆரம்பித்து, அதன் அமைவிடம், பரப்பளவு, பொஸ்பேற், பதினெட்டு உறுப்பினர், ஜனாதிபதி தெரிவாகும் முறை எல்லாவற்றையும் அவளுக்கே ஒப்பித்தார். அவள் இடையிடையே ஓம், ஓம் என்றாள். தன் நாட்டைப் பற்றித் தன்னிடமே ஒருவர் இவ்வளவு நேரம் சொல்வதைக் கேட்க அவளுக்குப் பொறுமை இருந்தது. ட்ரக் தீவிலிருந்து சனம் திரும்பி வந்த திகதியையும் சொல்லி, மார்க்ஸ் போடட்டும் என்பது மாதிரிக் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஓம், அந்தக் கப்பலில்தான் என் அப்பா வந்தார்," என்றாள் அவள். "சின்னப்பிள்ளை. அவருடைய அண்ணன் வரவில்லை."

பிக்கரிங்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் இதற்கு அடுத்த வரி சுதந்திரம். அவரால் அதற்குப் போக முடியவில்லை.

இலங்கைச் சண்டையைத் தானும் செய்தியில் பார்த்ததாகச் சொல்லி, உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். நான் எங்கள் ஆட்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். பிக்கரிங்காரரின் சொந்தம் முழுக்கக் கனடாவிலும் லண்டனிலும் இருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுசன். அவர் திரும்பி என்னைப் பார்த்த அந்த நேரத்தில் காட் முடிந்து லைன் வெட்டுப்பட்டது.

நெடுந்தீவுக்காரர் அடுத்த காட்டை நகத்தால் சுரண்டினார். அவசரத்தில் இலக்கத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டார், இன்னொரு காட்டை எடுத்தோம். திரும்ப மணி போகிறபோது பிக்கரிங்காரர் போனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீங்க கதையுங்கோ தங்கச்சி. நான் படிச்சதெல்லாம் முடிஞ்சுது."

நான் கதைத்தேன். என்ன ஆங்கிலம் கதைத்தேனோ தெரியாது. தம்பி ரேடியோ திருத்துகிறவன் என்றேன். கலியாணம் கட்டாதவன், இடது கைப் பழக்கம், மாசியில் எடுத்தவன், பிறகு எடுக்கவில்லை என்றேன். உங்கள் அரசாங்கத்தை ஐ.நா.வில் எழும்பி ஒரு வசனம் சொல்லச் சொல்லு என்றேன். அமைச்சர் இன்றைக்குக் கந்தோரில் இல்லை, ஆனால் தங்களுடையது சின்ன இடம், பின்னேரம் கடையில் கண்டு சொல்வேன் என்றாள். நெடுந்தீவுக்காரர் தலையை ஆட்டினார். அவருக்கு அது நன்றாக விளங்கியது. பிறகு அவள் தம்பியின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினாள். பிழையாக வாசித்ததைத் திருத்தினேன். சரியாக வரும்வரை அவளும் விடவில்லை. என் வீட்டுப் போன் இலக்கத்தையும் கேட்டு வாங்கினாள். அவள் அவன் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை கிழமையும் இந்த அறையில் குந்தியிருந்த மூன்று பேரும் அவனைத் தம்பி என்றே கேட்டார்கள். ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது.

அடுத்த நாள் சண்டை முடிந்துவிட்டது என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். விடுமுறை நாளுக்குக் கூடுதல் சம்பளம் என்று நான் வேலைக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு அறை ரீவியில் பார்த்தேன். பின்னேரம் வீட்டுக்கு வர, ஏரிப் பக்கம் விடுமுறைக்காக வாணம் விட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் மேசைக்குக் கீழே போகப் பார்க்க, மனுசன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நவூரு ஐ.நா.வில் எழும்பிச் சொன்னதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எழும்ப நேரம் இருந்திருக்காது. ஆனி மாதம் ரியூசன் அண்ணை லிஃப்டில் என் கையில் ஒரு உறையைத் தந்தார். உள்ளே லாமினேற் செய்த சான்றிதழ்: நவூருவின் புவியியல், ஆட்சி, வரலாறு, இரண்டாமிடம். அவருக்கு முன்னாலேயே அதை மடித்து உடைக்கப் பார்த்தேன். லாமினேற் மடியவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். தனக்கு இதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாது என்றார். நான் இறங்கவேண்டிய மாடியைத் தாண்டி அவருடைய மாடிவரைக்கும் அவரோடு போனேன்.

கோடை முழுக்கத் தேடினோம். வவுனியா முகாம்களில் இருந்தவர்களைப் பிடித்து, அவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பிடித்து, படம் அனுப்பி. கண்டதாகச் சொன்னவர்கள் வேறொருவனைக் கண்டிருந்தார்கள். முதலில் எல்லாரும் விசாரித்தார்கள். வருவான், எங்கேயாவது ஒரு முகாமில் இருப்பான் என்றார்கள். பிறகு மெல்ல மெல்லக் கேட்பது நின்றது. என்னைக் கண்டால் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார்கள், முழங்கால் வருத்தத்தைக் கேட்டார்கள். கோயிலில் ஒரு அன்ரி மறந்து தம்பி என்று வாயெடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவனைக் கூப்பிட்ட மாதிரி ஏதோ உளறி முடித்தார். என்னை நோகடிக்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள். எனக்கு அது அவனை ஒவ்வொருவராகக் கைவிடுவது போலிருந்தது. அவர்கள் எல்லாரிலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இலை உதிர்கிற காலம் தொடங்கியிருந்தது. ஒரு பின்னேரம், ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. நீளமான இலக்கம். எடுத்தேன். ஆறுதலான குரல். கடலுக்கு நடுவில் இருந்து வருகிற மாதிரி இடையில் ஒரு இரைச்சல்.

அமைச்சரிடம் அன்றே சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்ல எடுக்கவில்லையாம். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னாள். ஒரு எழுத்தும் பிசகாமல், எங்கள் ஆட்கள் சொல்வது போலவே சொன்னாள்.

"வந்துவிட்டானா?" என்று கேட்டாள்.

அவன் பெயரைச் சொல்லிப் பிறத்தியார் ஒருவர் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நான் இல்லை என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை. தேடுகிறோம், பார்க்கிறோம், விசாரிக்கிறோம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவள் வருவான் என்று சொல்லவில்லை, கவலைப்படுகிறேன் என்றும் சொல்லவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லச் சொன்னாள். குசினித் தரையில் குந்தியிருந்து, ஸ்னோவைப் பற்றிக் கேட்டதில் தொடங்கி எல்லாம் சொன்னேன். அங்கே யாரோ வந்து அவளைக் கூப்பிட, கொஞ்சம் நில்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னைச் சொல்லவிட்டாள்.

அதற்குப் பிறகும் எடுக்கிறாள். வருசத்தில் ஒருதரம், சிலவேளை இரண்டுதரம். அவளுடைய அப்பா செத்துவிட்டார். எனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. அவள் கேட்பாள், நான் இல்லை என்பேன், பிறகு வேறு கதை கதைப்போம். ஒருமுறை மட்டும், திரும்பத் திரும்ப இதைக் கேட்பது உனக்கு நோகிறதா, நிறுத்திவிடவா என்று கேட்டாள். அவனைக் கேட்பதற்கு என்னையும் உன்னையும் விட்டால் இப்போது ஒருவரும் இல்லை, நிறுத்திவிடாதே என்றேன். சரி என்றாள்.